ஐந்து இன்ஜினும் ஒரு கன்சோலும்: தொலைவில் ஓடும் சிமுலேஷன்களுக்கு முகவரி போட்டுக் கட்டளை அனுப்பும் முறை

ஒரே கணினியில் ஒரே சிமுலேஷன் ஓடும்வரை கட்டளைக்கு முகவரி தேவைப்படாது. இருப்பது ஒன்று, எதைச் சொன்னாலும் அதுதான் கேட்கும். இரண்டாவது இன்ஜினை, அதாவது சிமுலேஷனை ஓட்டும் இன்னொரு நிரலை, தொடங்கியதுமே ‘யாருக்கு?’ என்ற கேள்வி வந்துவிடும். நாலைந்து ஆனதும் ‘எந்த நேரத்துக்கு?’, ‘போய்ச் சேர்ந்ததா?’ என்று இன்னும் இரண்டு சேர்ந்துகொள்ளும். அனுப்புகிற ஒவ்வொரு கட்டளையிலும் இந்த மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் நெட்வொர்க்கின் தயவில் விடுகிறவர்கள்தான் அதிகம்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு போக்குவரத்து சிமுலேஷன் செய்து பிழைக்கிறவன். அதனால் உதாரணமெல்லாம் வண்டி, சிக்னல், பாலம் என்றே வரும். நீங்கள் வெள்ளத்தையோ ரோபோவையோ மின்கட்டமைப்பையோ சிமுலேட் செய்தாலும் முறை இதேதான்.

என் அறையில் இருப்பது ஐந்து பழைய டெஸ்க்டாப், ஒரு சுவிட்ச், ஒரு யு.பி.எஸ். ஒவ்வொன்றிலும் ஒரு சூமோ ஓடுகிறது. ஜெர்மனியின் டி.எல்.ஆர். விண்வெளி மையம் உருவாக்கிய போக்குவரத்து சிமுலேட்டர் அது. 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. வேலூரின் வரைபடத்தை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து எடுத்து ஐந்து துண்டாக வெட்டியிருக்கிறேன்: புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிய கிரீன் சர்க்கிள், பாலாற்றுப் பாலமும் விருதம்பட்டும், சித்தூர் பேருந்து நிலையமும் காட்பாடியும், பழைய பேருந்து நிலையமும் சி.எம்.சி. முன்னாலுள்ள சாலையும், தொரப்பாடியும் பாகாயமும். ஒரு சூமோ பெரும்பாலும் பிராசஸரின் ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். ஊர் முழுவதையும் ஒன்றிலேயே ஏற்றினால் காலையில் போட்டது சாயங்காலம்தான் முடியும். அதனால்தான் இந்தத் துண்டு போடுகிற வேலை.

முகவரி வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஒரே மாடலை வெவ்வேறு சீடு எண்ணோடு (தற்செயல் எண்களுக்குத் தொடக்கமாகக் கொடுக்கும் எண்) நூறு தடவை ஓட்டுவதுதான் வேலை என்றால் எந்த இன்ஜின் எதை ஓட்டினால் என்ன? அங்கே முகவரியே வேண்டாம். வேலைகளைப் பல இன்ஜின்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஐபைத்தான் பேரலல் போன்ற கருவியில் லோடு பேலன்ஸ்டு வியூ என்று ஒன்று இருக்கிறது. எந்த இன்ஜின் சும்மா இருக்கிறதோ அதற்கு அடுத்த வேலையை அதுவே தள்ளிவிடும். அப்படி ஓட்டும்போது சீடு எண்ணை மட்டும் மறக்காமல் மாற்றிக் கொடுங்கள். சூமோவில் சீடு சொல்லாமல் விட்டால் எப்போதும் 23423 என்றே எடுத்துக்கொள்ளும். நூறு ஓட்டமும் அச்சு அசலாக ஒரே விடையைத்தான் தரும்.

இன்ஜின்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாதபோதுதான் முகவரி வேண்டும். கிரீன் சர்க்கிள் சிக்னலை மாற்றும் கட்டளை பாகாயத்துக்குப் போனால் ஒன்று, அங்கே அந்த சிக்னல் இல்லை என்று பிழை வரும். அல்லது, இதுதான் மோசம், அதே பெயரில் அங்கேயும் ஒரு சிக்னல் இருந்து அது சத்தமில்லாமல் மாறிவிடும். துண்டுகளில் சிக்னல்களுக்கு நீங்களே ஜே1, ஜே2 என்று பெயர் வைத்திருந்தால் இது கட்டாயம் நடக்கும்.

பெயர் வைப்பது

சூமோவைத் தொடங்கும்போது ரிமோட் போர்ட் எண் ஒன்று கொடுத்தால், அது அந்த போர்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டளைக்காகக் காத்திருக்கும். ட்ராசி என்பது அதனோடு பேசும் நெறிமுறை, டி.சி.பி. மேல் ஓடுவது. ஆகவே இயற்கையாகக் கிடைக்கும் முகவரி ஐ.பி. எண்ணும் போர்ட் எண்ணும்தான். என்னிடம் பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் பையன்கள் எல்லாரும் இங்கேயே நின்றுவிடப் பார்ப்பார்கள்.

“இன்னா சார், ஐ.பி.யே அட்ரஸ்தானே? அதையே வச்சிக்கலாமே?”

“வச்சிக்கலாம்பா. கரண்ட் போய் வந்து ரவுட்டர் வேற நம்பர் குடுத்துச்சுன்னா?”

ரவுட்டரில் எண்ணை நிலையாகக் கட்டிவைக்கலாம்தான். ஆனால் ஒரு டெஸ்க்டாப் படுத்துவிட்டால், அதில் ஓடிய காட்பாடி துண்டை அடுத்த கணினியில் இரண்டாவதாக ஏற்றுவேன். காட்பாடி காட்பாடிதான், அது இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. அதனால் கட்டளையில் எழுத வேண்டியது இன்ஜின் எதை சிமுலேட் செய்கிறது என்ற பெயரை. அந்தப் பெயர் இப்போது எந்தக் கணினியில் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பது ஒரே ஒரு பதிவேட்டுக் கோப்பில் இருக்கட்டும். இடம் மாறினால் அந்தக் கோப்பில் ஒரு வரி மாறும். ஸ்கிரிப்ட் எதையும் தொட வேண்டாம்.

ஐபைத்தான் பேரலலிலும் இதே சிக்கல் உண்டு. இன்ஜின்கள் வந்து பதிவாகும் வரிசைப்படி 0, 1, 2 என்று எண் கிடைக்கும். இன்றைக்கு 3 என்பது காட்பாடி கணினி, நாளைக்கு அது தொரப்பாடியாக இருக்கலாம். இணைந்தவுடன் ஒவ்வொரு இன்ஜினிடமும் அதன் கணினிப் பெயரைக் கேட்டு, பெயருக்கு எண் என்று ஒரு அட்டவணை கட்டிக்கொண்டு, அப்புறம்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பெயருக்குள் நிர்வாகப் பிரிவை நுழைக்காதீர்கள். மாவட்டம், வட்டம், ஊர் என்று அடுக்கடுக்காகப் பெயர் வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு இதில் அனுபவம் போதும். 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ‘வேலூர்/வாலாஜா’ என்று 2018-ல் பெயர் வைத்த இன்ஜின் அடுத்த வருஷமே தப்பான மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பெயர் தட்டையாக இருக்கட்டும்: ‘வாலாஜா’. மாவட்டம், நெடுஞ்சாலை, வேலையின் பெயர் இவையெல்லாம் குழுக்களாகத் தனியே இருக்கட்டும். ஒரு இன்ஜின் பல குழுவில் இருக்கலாம். பாலாற்றுப் பாலம் எனக்கு ‘காட்பாடி சாலை’ குழுவிலும் இருக்கிறது, ‘பாலங்கள்’ குழுவிலும் இருக்கிறது.

ட்ராசியில் லேபிள்

சிறிய அளவில், ஒரே பைத்தான் ஸ்கிரிப்ட்டிலிருந்து இரண்டு மூன்று சூமோவோடு பேசுவதானால் வேறு எதுவும் தேவையில்லை. ட்ராசியின் தொடக்கக் கட்டளையில் லேபிள் கொடுக்கலாம். லேபிள் கொடுக்காவிட்டால் எல்லாமே ‘டிஃபால்ட்’ என்ற ஒரே பெயரில் போய் முட்டும். லேபிள் வைத்தபின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்விட்ச் என்ற கட்டளை: இனிமேல் வருவதெல்லாம் இந்த லேபிளுக்கு என்று மாற்றிவிடும். இன்னொன்று, கெட் கனெக்‌ஷன்: அந்த லேபிளுக்கான இணைப்பை ஒரு பொருளாகக் கையில் தரும்; பிறகு அந்தப் பொருளின் வழியாகவே பேசலாம்.

ஸ்விட்சைத் தொடவே தொடாதீர்கள் என்பேன். அது நிரல் முழுவதற்கும் பொதுவான ஒரு நிலையை மாற்றுகிறது. ஒரு ஃபங்ஷன் காட்பாடிக்கு மாற்றிவிட்டுத் திரும்பி வரும். அடுத்த வரியை எழுதியவர் இன்னும் கிரீன் சர்க்கிளோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். திரெட் போட்டு ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டினால் இன்னும் கஷ்டம்; யார் எப்போது மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இணைப்புப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டால் முகவரி எப்போதும் அந்த வரியிலேயே கண்ணுக்குத் தெரியும்.

லிப்சூமோ என்று ஒன்றும் இருக்கிறது. நெட்வொர்க் இல்லாமல் உங்கள் நிரலுக்குள்ளேயே சூமோவை ஓட்டும்; வேகம் அதிகம். தொலைவிலிருந்து பேச அது உதவாது. ஆனால் கீழே சொல்லப்போகும் ஏஜென்ட்டுக்குள் வைத்துக்கொள்ளத் தோதானது.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு ஏஜென்ட்

லேபிள் முறையில் ஒரு குறை உண்டு. சிமுலேஷனை ஒரு அடி நகர்த்தும் ஸ்டெப் கட்டளை கொடுத்தால் அந்த ஸ்டெப் முடியும்வரை ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். ஐந்து இன்ஜினை வரிசையாக ஸ்டெப் போடச் சொன்னால் ஐந்தின் நேரமும் கூடும். ஐந்து கணினி வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் என்ன லாபம்?

அதனால் ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறிய ஏஜென்ட் ஸ்கிரிப்ட் வையுங்கள். அது பக்கத்திலேயே இருக்கும் சூமோவோடு ட்ராசியில் பேசும்; வெளியே கன்சோலோடு, அதாவது நான் கட்டளை அனுப்பும் நிரலோடு, ஒரு செய்தித் தரகர் வழியாகப் பேசும். தரகராக நான் வைத்திருப்பது எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி அனுப்பும் நெறிமுறையில் இயங்கும் மொஸ்கிட்டோ. அதன் 2.0 பதிப்பிலிருந்து வெளிக் கணினிகளை உள்ளே விட கான்ஃபிக் கோப்பில் லிஸனர் என்று தனியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அதே கணினியிலிருந்து வருவதை மட்டும்தான் ஏற்கும். ‘எல்லாம் சரியா இருக்கு, கனெக்ட் ஆகல’ என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எம்.க்யூ.டி.டி.யில் முகவரி என்பது டாபிக், அதாவது செய்திக்குக் கொடுக்கும் தலைப்பு. என் அமைப்பில் மூன்று வகை: ‘கட்டளை/இன்ஜின்/பெயர்’, ‘கட்டளை/குழு/பெயர்’, ‘கட்டளை/எல்லாரும்’. ஏஜென்ட் எழுந்தவுடன் தன் பெயருக்கும், தான் இருக்கும் குழுக்களுக்கும், எல்லாருக்குமான டாபிக்குக்கும் சந்தா சேர்ந்துகொள்ளும். பதில்கள் ‘பதில்/பெயர்’ என்று வரும். கன்சோல் அதில் கூட்டல் குறியை வைல்டு கார்டாகப் போட்டு எல்லாவற்றையும் கேட்கும். கூட்டல் குறி ஒரு அடுக்குக்கு மட்டும், ஹேஷ் குறி அதற்குக் கீழே உள்ள எல்லா அடுக்குக்கும். கட்டளை பிறப்பிக்கும்போது வைல்டு கார்டு போட முடியாது. சந்தாவில் மட்டும்தான் முடியும். அதனால்தான் ‘எல்லாரும்’ என்று தனி டாபிக்.

டாபிக்கைத் தமிழில் வைக்கலாமா? தாராளமாக, அது யு.டி.எஃப்-8 எழுத்துதான். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தொரப்பாடி, கொணவட்டம் போன்ற பெயர்களில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டாகப் பார்த்தால் வேறு வேறு. எம்.க்யூ.டி.டி. விதிப்படி தரகர் டாபிக்கைத் திருத்தக் கூடாது. வந்ததை வந்தபடிதான் ஒப்பிடும். ஒரு கீபோர்டில் தட்டிய ‘தொரப்பாடி’க்கு அனுப்பிய கட்டளை, இன்னொரு கீபோர்டில் தட்டிய ‘தொரப்பாடி’க்குப் போகாது, பிழைச் செய்தியும் வராது. பைத்தானின் யூனிகோடுடேட்டா நூலகத்தில் நார்மலைஸ் என்று இருக்கிறது. பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கும் ஒரே இடத்தில் அதை என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியீடாக எழுதும் வடிவத்துக்கு, மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

தரகர் இல்லாமலே செய்தி அனுப்பும் ஸீரோஎம்க்யூ நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அதில் ஒருவர் வெளியிட, சந்தா சேர்ந்தவர்கள் பெறும் பப்-சப் முறையில் சந்தா என்பது பெயரின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடுவது. ‘இன்ஜின்1’ என்று சந்தா சேர்ந்தவருக்கு ‘இன்ஜின்10’, ‘இன்ஜின்11’ ஆகியவற்றின் கட்டளையும் வந்துசேரும். ஒன்பது இன்ஜின் வரை ஒழுங்காக ஓடி, பத்தாவதைச் சேர்த்ததும் ஒன்றாவது கிறுக்குத்தனம் செய்த ஒரு கல்லூரி புராஜெக்ட்டைப் பார்த்திருக்கிறேன். பையன்கள் ராத்திரியெல்லாம் சிமுலேஷன் நிரலைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பெயருக்குப் பின்னால் ஒரு பிரிப்புக் குறி வைத்தால் போதும். ஸீரோஎம்க்யூவின் ரவுட்டர் சாக்கெட்டில் (முகவரி பார்த்து அனுப்பும் இணைப்பு முனை; வீட்டு ரவுட்டர் அல்ல) வேறொரு சங்கதி: இல்லாத முகவரிக்கு அனுப்பினால் அது பேசாமல் தூக்கிப் போட்டுவிடும். ரவுட்டர் மேண்டேட்டரி என்ற ஆப்ஷனை ஆன் செய்தால்தான் ‘அப்படி யாரும் இல்லை’ என்று பிழை சொல்லும். முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள்.

கட்டளைக்குள் என்ன எழுதுவது

என் கன்சோல் அனுப்பும் ஒரு கட்டளை இப்படி இருக்கும்:

யாருக்கு: கிரீன்சர்க்கிள்
ஓட்டம்: 7
எண்: 212
எப்போது: 1800
என்ன: காட்பாடி பக்கச் சாலையில் வேக வரம்பு 11.11

கடைசி வரியிலிருந்து வருகிறேன். ட்ராசி வேகத்தை மீட்டர்/விநாடியில்தான் பேசும், 11.11 என்பது மணிக்கு 40 கிலோமீட்டர். 40 என்றே அனுப்பினால் கிரீன் சர்க்கிளில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி கொடுத்ததாக ஆகும். அலகு மாற்றத்தை ஏஜென்ட்டில் வைக்காதீர்கள், கன்சோலில் ஒரே இடத்தில் வையுங்கள்.

‘எப்போது’ என்பது சிமுலேஷன் நேரம், கைக்கடிகார நேரம் அல்ல. ஐந்து இன்ஜினும் ஒரே வேகத்தில் ஓடாது. தொரப்பாடியில் வண்டி குறைவு, அது முன்னால் ஓடிவிடும். கிரீன் சர்க்கிள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். ‘இப்போதே செய்’ என்று எல்லாருக்கும் அனுப்பினால் ஒன்று 1750-ஆவது விநாடியில் செய்யும், இன்னொன்று 2300-ல் செய்யும். அதே ஸ்கிரிப்ட்டை நாளைக்கு ஓட்டினால் வேறு விடை வரும். சிமுலேஷனில் இதைவிடப் பெரிய கேடு இல்லை. விடையைத் திரும்ப எடுக்க முடியாவிட்டால் அந்த வேலையே வீண்.

நான் செய்வது: எல்லா இன்ஜினும் 60 விநாடித் தவணையாக முன்னேறும். ட்ராசியின் ஸ்டெப் கட்டளையில் ஒரு நேரத்தைச் சொன்னால் அதுவரை அதுவே ஓடும். ஒவ்வொரு தவணை முடிவிலும் ஏஜென்ட் ‘1800 முடிந்தது’ என்று சொல்லிவிட்டு நிற்கும். ஐவரும் சொன்ன பிறகுதான் கன்சோல் அடுத்த தவணையைத் திறக்கும். கட்டளைகளை எப்போதும் இன்னும் திறக்காத தவணைக்கே எழுத வேண்டும். தவணையின் நடுவே, 1825-க்கு என்று கட்டளை இருந்தால் ஏஜென்ட் 1825 வரை ஓட்டி, கட்டளையைப் போட்டு, மிச்சத்தை ஓட்டும். கடந்துபோன நேரத்துக்கு வந்த கட்டளையை ஏஜென்ட் செய்யக் கூடாது. ‘காலம் கடந்தது’ என்று மறுக்க வேண்டும். தாமதமானாலும் செய்துவைப்போமே என்ற நல்ல மனசு இந்தத் தொழிலுக்கு ஆகாது.

தவணை முறையில் எல்லாரையும்விட மெதுவானவர்தான் வேகத்தைத் தீர்மானிப்பார், உண்மைதான். அதற்குத் தீர்வு துண்டுகளைச் சமமாக வெட்டுவது. தவணையைக் கைவிடுவது அல்ல. விருதம்பட்டைத் தாண்டி காட்பாடிக்குள் போகும் வண்டிகளை ஒரு இன்ஜினிலிருந்து அடுத்ததற்கு ஒப்படைப்பதும் இதே தவணை முடிவில்தான் நடக்கிறது.

‘எண்’ எதற்கு? எம்.க்யூ.டி.டி.யில் தர நிலை 0 என்றால் செய்தி தொலையலாம். 1 என்றால் கட்டாயம் வரும், ஆனால் இரண்டு தடவை வரலாம். 2 என்றால் ஒரே தடவை. நான் 1-தான் வைத்திருக்கிறேன். எப்படியும் பதில் வராத கட்டளையை என் கன்சோல் மறுபடி அனுப்பும், அது தரகரின் கணக்கில் புதுச் செய்தி. ஆகவே இரட்டிப்பை ஏஜென்ட்டே பார்த்துக்கொள்ள வேண்டும்: செய்து முடித்த எண்களையும் அதற்குக் கொடுத்த பதில்களையும் வைத்துக்கொண்டு, அதே எண் திரும்ப வந்தால் வேலையைச் செய்யாமல் பழைய பதிலையே கொடுக்கட்டும்.

கூடவே, கட்டளையைத் திரும்பச் செய்தாலும் கெடாத விதமாக எழுதுங்கள். ‘பச்சையை 10 விநாடி கூட்டு’ வேண்டாம். ‘பச்சை 45 விநாடி’ என்று இருக்கட்டும். இதிலும் சூமோவில் ஒரு பொறி உண்டு. ஃபேஸ் (பச்சை, சிவப்பு என்று சிக்னலின் ஒரு கட்டம்) நேரத்தை மாற்றும் ட்ராசி கட்டளை, இப்போது ஓடும் ஃபேஸில் இந்த விநாடியிலிருந்து மீதி எவ்வளவு என்பதைத்தான் வைக்கிறது. 45 என்று போட்டு, இருபது விநாடி கழித்து அதே 45 மறுபடி வந்தால் பச்சை மொத்தம் 65 விநாடி எரியும். அடுத்த சுற்றில் பழைய நேரத்துக்கே திரும்பியும் விடும். நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால் சிக்னலின் முழு புரோகிராமையும் மாற்றும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

எல்லாருக்கும் சொல்வது

எல்லாருக்கும் ஒரே கட்டளை என்பது சுலபமாகத் தோன்றும். ராணுவப் பயிற்சிக்கான சிமுலேட்டர்களை இணைக்கும் டி.ஐ.எஸ். என்ற தரத்தை, அதாவது ஐ.இ.இ.இ. 1278-ஐ, ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அதில் முகவரி மூன்று எண்: தளம், அப்ளிகேஷன், பொருள். ஒவ்வொன்றும் 16 பிட். எல்லாத் தளத்துக்கும் என்றால் 65535. தொடங்கு என்ற கட்டளையில் பெறுபவர் முகவரியோடு இரண்டு நேரங்கள் இருக்கும்: நிஜ உலகின் எந்த நேரத்தில் தொடங்க வேண்டும், அப்போது சிமுலேஷன் கடிகாரம் என்ன காட்ட வேண்டும். கூடவே ஒரு கோரிக்கை எண். பெற்றவர் அதே எண்ணைச் சொல்லி ஒப்புகை அனுப்புவார். யாருக்கு, எப்போது, சேர்ந்ததா, மூன்றும் ஒரே செய்தியில். முதல் பதிப்பு 1993-ல் வந்தது. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் அனுப்பும்போது கன்சோல் ஒப்புகைகளை எண்ணும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. வந்த பதில்களை எண்ணி, எல்லாம் ‘சரி’ என்று இருந்தால் மேலே போகாதீர்கள். பதிவேட்டில் இருக்கும் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் டிக் போடுங்கள். செத்துப்போன இன்ஜின் ‘முடியாது’ என்று சொல்லாது; சும்மா இருக்கும். நாலு பேர் சரி என்று சொன்னால் எல்லாரும் சரி சொன்னதாகத்தான் முதல் முறையில் தோன்றும்.

தொடங்கு, சீடு மாற்று, நிலையைச் சேமி போன்றவற்றுக்கு இரண்டு கட்டமாகப் போவது நல்லது. முதலில் ‘தயாரா?’, பட்டியல் முழுக்க டிக் விழுந்த பின் ‘செய்’. நிறுத்து என்பதற்கு இது வேண்டாம். நிறுத்தச் சொன்னால் கேட்டவர்கள் உடனே நிற்கட்டும்.

கரண்ட் போய் வந்தால்

எங்கள் பகுதியில் பராமரிப்புக்கென்று மின்தடை வரும் நாளில் யு.பி.எஸ். கொஞ்ச நேரம்தான் தாங்கும். கரண்ட் திரும்பி ஏஜென்ட்கள் எழுந்ததும், தரகர் தன்னிடம் தேங்கிய பழைய கட்டளைகளைக் கொடுக்கப் பார்க்கும். அந்தக் கட்டளைகள் போன ஓட்டத்துக்கு எழுதியவை. ‘ஓட்டம்: 7’ என்ற வரி இதற்காகத்தான். ஒவ்வொரு முறை சிமுலேஷனைப் புதிதாகத் தொடங்கும்போதும் கன்சோல் ஓட்ட எண்ணை ஒன்று கூட்டும். எண் பொருந்தாத கட்டளையை ஏஜென்ட் குப்பையில் போடும்.

எம்.க்யூ.டி.டி.யில் ரீடெய்ன் என்று ஒரு கொடி உண்டு. கடைசிச் செய்தியைத் தரகர் வைத்திருந்து, புதிதாகச் சந்தா சேர்கிறவருக்கெல்லாம் கொடுக்கும். இன்ஜின்களின் நிலையைச் சொல்லும் டாபிக்குக்கு அது அருமை. கன்சோலைத் திறந்தவுடன் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கட்டளை டாபிக்கில் அதைப் போட்டால், ‘நிறுத்து’ என்ற கட்டளை அங்கேயே ஒட்டிக்கொண்டு, எழுகிற ஒவ்வொரு இன்ஜினையும் எழுந்தவுடன் நிறுத்தும்.

ஏஜென்ட் திடீரென்று மறைந்தால் தரகரே மற்றவர்களுக்கு அறிவிக்க லாஸ்ட் வில் என்ற வசதி இருக்கிறது. இணையும்போதே அதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதை மட்டும் நம்பவும் கூடாது. சூமோ ஏதோவொன்றில் சிக்கி நின்றுபோனாலும், ஏஜென்ட்டின் நெட்வொர்க் திரெட் தனியாக இருப்பதால் தரகருக்கு உயிர்க்குறி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். வெளியே எல்லாம் நலம். உள்ளே எதுவும் நகராது. ஆகவே ஏஜென்ட் அனுப்பும் நலச் செய்தியில் சிமுலேஷன் நேரத்தையும் சேருங்கள். உயிரோடு இருந்தும் நேரம் நகராத இன்ஜினை கன்சோல் சிவப்பில் காட்டட்டும்.

இதைச் சோதிப்பது எளிது. லினக்ஸில் கில் கட்டளையால் சூமோவுக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பினால் அது சாகாமல் அப்படியே உறையும். டி.சி.பி. இணைப்பு அறுபடாது. உங்கள் கன்சோல் எவ்வளவு நேரத்தில் கவனிக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கன்டினியூ சிக்னல் அனுப்பி, திரும்ப வந்த இன்ஜின் காலம் கடந்த கட்டளைகளை ஒழுங்காக மறுக்கிறதா என்றும் பாருங்கள். பையன்களிடம் வேலை கொடுத்தால் நான் முதலில் கேட்பது இந்த இரண்டு சோதனையைத்தான்.

கதவைப் பூட்டுவது

ட்ராசியில் கடவுச்சொல்லும் இல்லை, குறியாக்கமும் இல்லை. போர்ட் எண் தெரிந்த யாரும் உங்கள் சிமுலேஷனை ஓட்டலாம், மூடலாம். அந்த போர்ட்டை ஃபயர்வாலில் வெளிக்கு மூடி, அதே கணினியில் உள்ள ஏஜென்ட் மட்டும் தொடும்படி வையுங்கள். மொஸ்கிட்டோவில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு, எந்தப் பயனர் எந்த டாபிக்கில் எழுதலாம் என்ற பட்டியலையும் கொடுங்கள். கட்டளை டாபிக்கில் கன்சோல் மட்டும் எழுதட்டும். ஊருக்கு வெளியே இருக்கும் கணினியையும் சேர்ப்பதானால் குறியாக்கம் உள்ள 8883 போர்ட்டிலோ எஸ்.எஸ்.ஹெச். சுரங்கம் வழியாகவோ போங்கள். குறியாக்கம் இல்லாத 1883-ஐ வீட்டுச் சுவருக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடும் வரிசையும் உண்டு. ‘நிறுத்து’ என்று எல்லாருக்கும் அனுப்பி, பட்டியல்படி டிக் விழும்வரை காத்திருங்கள். ஏஜென்ட் சூமோவோடு உள்ள இணைப்பை முறையாக மூடினால்தான் வெளியீட்டுக் கோப்பின் கடைசி வரிகளும் மூடும் குறியும் எழுதப்படும், அறுத்துவிட்டால் எக்ஸ்.எம்.எல். பாதியில் நிற்கும், அப்புறம் எந்தக் கருவியும் அதைத் திறக்காது. எல்லா ஏஜென்ட்டும் போன பிறகு தரகரை நிறுத்துங்கள். மின்தடை நாளில் யு.பி.எஸ். கத்த ஆரம்பித்ததும் இந்த வரிசை தானே ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்து, சுவிட்சையும் தரகர் கணினியையும் அதே யு.பி.எஸ்.ஸில் மாட்டிவையுங்கள். இன்ஜினுக்கு மட்டும் மின்சாரம் இருந்து சுவிட்ச் அணைந்துவிட்டால், நிறுத்து என்ற கட்டளை யாருக்கும் போய்ச் சேராது.